அண்ணன் அடைத்த வடிகால்

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் வயலுக்குப் போனேன். வரப்பில் ஏறும்போதே தேங்கின தண்ணீரின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. உங்களுக்கு அந்த வாடையே ஆகாது.

வயலில் தண்ணீர் முட்ட நின்றது. நீங்கள் இருந்து நட்ட நாற்றெல்லாம் நுனி கருகிக் கிடந்தது. வடிகால் வாயில் புதுச் சேறு வைத்து, காலால் மிதித்து அழுத்தியிருந்தார்கள். திருமானூர் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸுக்குக் கை நீட்டியவர் அப்படியே சரிந்துவிட்டீர்கள் என்று போன் வந்தபோது எப்படி நின்றேனோ, அப்படித்தான் நின்றேன். ஒரே மாதத்தில் ஒருத்திக்கு இரண்டு இடியா?

போர்வெல்லின் உப்புத் தண்ணீர் பாய்ச்சியே உப்புப் பூத்துப்போன வயல் அது. வாய்க்காலில் நல்ல தண்ணீர் வந்ததும் வயலில் கட்டி, சேறாக உழுது, உப்பு கரைந்ததும் வடித்துவிடுவீர்கள். நட்ட பிறகும் இப்படியே கட்டிக் கட்டி வடிப்பீர்கள். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு அது பொறுக்குமா? வரப்பு உடைந்து தண்ணீர் போவதைப் பார்த்தால், பேச்சுவார்த்தை இல்லாதவன் வயலாக இருந்தாலும் ஒரு கை சேறு அள்ளி அடைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். அதற்குப் பயந்தே குடையும் கையுமாக வடிகால் ஓரம் உட்கார்ந்திருப்பீர்கள்.

"ஊர்ல எல்லாரும் தண்ணி வரணும்னு காவ இருக்கான். தண்ணி போவணும்னு காவ இருக்கறவன் நான் ஒருத்தந்தாண்டி" என்பீர்கள். நான் சிரிப்பேன்.

அடைத்தது உங்கள் அண்ணன். வடிகால் எதற்கென்று நான் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பிதான் போயிட்டான், வயல்ல தண்ணியாவது நிக்கட்டும்னு அடைச்சேம்மா. கொறஞ்சப்பல்லாம் மோட்டார் போட்டு நெரப்புனேன். நல்லதுன்னுதாம்மா நெனச்சேன்."

உப்பை வெளியேற விடாமல் அடைத்து, மேலே உப்புத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார், பாசத்தில். அவரை என்னவென்று திட்டுவது? கோபமெல்லாம் உங்கள் மேல்தான் வந்தது. இதை என்னிடம் மட்டும் சொல்லி வைத்துவிட்டு இப்படிப் போவீர்களா?

அவர் மண்வெட்டியை எடுத்தார். "குடுங்க மாமா" என்று வாங்கிக்கொண்டேன். நம் பக்கம் பெண்கள் நடுவார்கள், களை எடுப்பார்கள், மடை வெட்ட மாட்டார்கள். துக்க வீட்டுக்காரி வேறு. அவர் தடுக்கவில்லை. வெட்டியதும் பழுப்புத் தண்ணீர் திமிறிக்கொண்டு ஓடியது.

பாதி நாற்று தேறும் என்கிறார் உங்கள் அண்ணன். எனக்கு இன்னும் திகைப்பு அடங்கவில்லை. டீ கிளாஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனாலும் தினமும் வயலுக்கு வந்துவிடுகிறேன்.

நேற்று ஒருவர் கையில் சேற்றோடு வந்து நின்றார். "என்னாங்க அண்ணி, தண்ணி இப்புடிப் போவுது?"

"போவட்டுங்க. அடைக்காதீங்க."

உங்களைப் போகவிட எனக்கு இன்னும் மனசு வரவில்லை. இந்தத் தண்ணீரைப் போகவிடத்தான் தினமும் வந்து உட்காருகிறேன்.