சின்னவள் எழுதித் தந்த இரண்டு நாள்

பிப்ரவரி 4

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நேற்று மாலை எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், உன் அண்ணன், மகள், மருமகன். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறதாம். நீ இருக்கும் நகரத்துக்கு இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதிக்கு இரண்டு ரயில் டிக்கெட்டும், ஓர் இரவு தங்க விடுதி அறையும் பிள்ளைகள் ஏற்பாடு செய்து எங்கள் கையில் கொடுத்தார்கள். "அங்கே போய் என்னத்தைப் பாக்குறது, சுவரையா?" என்றார் உன் அண்ணன். டிக்கெட்டை மட்டும் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கடவுள் கொடுத்த இரண்டு நாள். வீணாக்கக் கூடாது. எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்? கேட்க எனக்கு முகமில்லை என்பதும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ புருஷன் வீட்டை விட்டுக் கைப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாய். "ரெண்டு நாள்ல சரியாயிடும், திரும்பிப் போ" என்று அவர் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. முப்பது வருஷம் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தரம் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர், உறைமேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். அதனால் பதிலை மகள் வீட்டுக்கு அனுப்பு. மனம் இல்லையென்றால் அனுப்பவே வேண்டாம், நான் குறை சொல்லமாட்டேன்.

உனக்காகத் தினமும் வேண்டிக்கொள்ளும்
அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

ஊரைப் பற்றிக் கேட்டீர்கள், ஊரைப் பற்றிச் சொல்கிறேன். மற்றதை இப்போது பேச வேண்டாம்.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். நான்கு வருஷமாகிறது. எல்லாக் கடை வாசலையும் தினம் எட்டுத் தடவை கடப்பவள் சொல்கிறேன், நம்புங்கள்.

ரயிலை விட்டு இறங்கியதும் எதிரே விளக்குப் போட்ட உணவகங்கள் கூப்பிடும். போகாதீர்கள். அங்கே சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவர்கள், ருசி பார்க்க நேரமில்லாதவர்கள். இரண்டாவது சந்தில் பச்சைக் கதவு போட்ட கடை ஒன்று உண்டு. பகல் பன்னிரண்டுக்கு முன்னால் போனால் ஜன்னலோர மேசை கிடைக்கும். காளான் சூப்பும் வறுத்த மீனும் கேளுங்கள். ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும். பரிமாறுகிற அம்மாள் சிடுசிடுப்பாகத்தான் இருப்பாள், அது அவள் முகவாகு. அண்ணன் சாப்பாட்டுக்கு முன்னாலேயே இனிப்புக் கேட்பார், வாங்கிக் கொடுங்கள், இங்கே கரண்டியோடு துரத்த அம்மா இல்லை.

படகுக்கு நாலு மணிக்கு மேல் போங்கள். ஏறினதும் இடதுபக்கம் உட்காருங்கள், வெயில் கண்ணில் அடிக்காது, பழைய பாலமும் அந்தப் பக்கம்தான். மறுநாள் காலையில் அருங்காட்சியகம். முன்படியில் ஏறாதீர்கள், எழுபது படி. பின்பக்கம் லிஃப்ட் இருக்கிறது, யாரும் சொல்லமாட்டார்கள். சிலைகளை விட்டுவிட்டு மேல்மாடிப் பழைய வரைபடங்களைப் பாருங்கள். மூடுகாலணி போட்டுக்கொள்ளுங்கள், தரை சில்லென்றிருக்கும்.

அந்த இரண்டு நாளும் எனக்கு வண்டி இருக்கிறது. பார்க்க வர முடியாது.

நாத்தனார்


மார்ச் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உனக்கு ஆயிரம் நன்றி. எப்படித் திருப்பிச் செய்வேனோ தெரியவில்லை. மீன், பாலம், வரைபடம் எல்லாம் நீ சொன்னபடியே இருந்தன. அந்த அம்மாளின் முகமும் அப்படியேதான்.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன். உன் கையெழுத்தை அவர் பார்க்கக் கூடாதென்று எல்லாவற்றையும் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எடுத்துப் போனேன். நான் எழுதப் படித்ததே தோத்திரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதித்தான். ஓர் எழுத்து விட்டாலும் பாவம் என்று பழகிய கை. உன் வரிகளையும் ஒன்றுவிடாமல் இறக்கிவிட்டேன்.

பச்சைக் கதவுக் கடையில் என் மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள் அகப்படவில்லை. நோட்டை அவரே வாங்கி, என்ன கேட்க வேண்டும் என்று வாய்விட்டுப் படித்தார். 'அண்ணன் இனிப்புக் கேட்பார்' என்ற வரிக்கு வந்ததும் நின்றார். நோட்டைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தார்.

"நீ எப்போ எனக்குத் தங்கச்சியானே?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். நீ பேருந்து ஓட்டுவதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். எவ்வளவு பெரிய வண்டி, மழையில் எப்படி ஓட்டுகிறாள் என்றெல்லாம் கேட்டால் எனக்கென்ன தெரியும்? அப்புறம் பரிமாறும் அம்மாளைக் கூப்பிட்டு முதலில் இனிப்பைக் கொண்டுவரச் சொன்னார். அவள் முறைத்தாள். "என் தங்கச்சி அப்படித்தான் சாப்பிடச் சொல்லியிருக்கா" என்றார் அவளிடம்.

அதற்குப் பிறகு நோட்டு அவர் கையைவிட்டு இறங்கவில்லை. படகில் வலதுபக்கம் உட்காரப் போன ஒரு தம்பதியைக்கூடக் கூப்பிட்டு இடதுபக்கம் உட்காரவைத்தார். பாலத்துக்கு அடியில் போகும்போதுதான் சொன்னார், "அவ அன்னைக்குத் தண்ணிகூடக் கேட்காம நின்னா. நானும் குடுக்கலே." நானும் ஒரு டம்ளர் கொண்டுவந்திருக்கலாம் என்றேன்.

மறுநாள் அருங்காட்சியகம் முடிந்ததும் பேருந்து நிலையத்துக்குப் போய் உன்னைப் பார்க்கப் புறப்பட்டார். நான்தான் தடுத்தேன். அன்றைக்கு நம் வாசலுக்கு அவள் வந்தாள், நாம் உள்ளே விடவில்லை. இன்றைக்கு அவளைக் கேட்காமல் அவள் வாசலில் போய் நிற்க நமக்கு உரிமை இல்லை என்றேன். வாழ்க்கையில் அவரை நான் தடுத்தது இதுதான் முதல் தடவை. கேட்டுக்கொண்டார்.

வந்ததிலிருந்து உனக்கு எழுத உட்காருகிறார். "அன்புள்ள" என்று தொடங்குகிறார், கிழிக்கிறார். ஊரார் கடிதத்தையெல்லாம் கொண்டுசேர்த்தவருக்குத் தன் கடிதம் ஒன்றை எழுத வரவில்லை. அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நானே எழுதுகிறேன். தான் சொன்னது தப்பு என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். என் பங்குக்கு நானும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ இருக்கும் இடம் போதும் என்று நீ நினைத்தால் அதுவும் சரி. ஆனால் வண்டி இல்லாத ஒரு நாள், நீ சொல்லும் இடத்தில், ஒரு மணிநேரம் நாங்கள் இருவரும் வந்து உன்னைப் பார்க்கலாமா? ஆம் என்றாலும் இல்லை என்றாலும், தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி