மூன்று நாளும் அறுபத்திரண்டு கிலோ

அன்புள்ள மேகலாவுக்கு,

உன் கணவன் ஜோதிலிங்கம் எழுதுகிறேன். புதுச்சேரி மாற்றல் ஏன் தள்ளிப்போகக்கூடும் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். தொலைபேசியில் என்றால் நீ அழுவாய், நான் முடிக்கமாட்டேன். முழங்கால் வலி தணிந்ததா? நான் நலமே.

எங்கள் இதய வார்டில் கிட்வாய் நகர் தட்சிணாமூர்த்தி என்பவர் நோயாளியாக இருக்கிறார். இதயம் பலவீனமானவருக்கு உடலில் நீர் கோத்தால் முதலில் எடை கூடும். ஆகவே தினமும் காலையில் எடை பார்ப்பது விதி. அவருடைய பதிவுத்தாளில் திங்கள் முதல் புதன் வரை மூன்று நாளும் அறுபத்திரண்டு கிலோ. வியாழனன்று கால் வீங்கி, மூச்சுத் திணறிக் கிடந்தார். எடை இயந்திரமோ திங்களன்றே பழுதுபார்க்கப் போய்விட்டதாம்!

"அப்புறம் இந்த எடை எங்கேருந்து வந்தது?" என்று செவிலியர் சிந்துவிடம் கேட்டேன்.

"பழைய எடையவே எழுதினோம் சார். மெஷின் எங்கன்னா, 'கல் ஆயேகா', நாளைக்கு வரும்னு இந்தியில சொல்லியே தினமும் நாளைக் கடத்தறாங்க. நீங்களுந்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

கொதித்துப்போனேன். பார்த்தால், மூன்று நாளும் மேற்பார்வையாளர் இடத்தில் என் கையொப்பம். இருபத்தாறு ஆண்டுகளாகப் பிறருக்கு விதி சொன்னவன், படிக்காமல் கையொப்பமிட்டிருக்கிறேன்!

ஊசி மருந்தில் அவர் தேறிவிட்டார், நீ கலங்காதே. என் மீது விசாரணை வந்தால் மாற்றல் நின்றுவிடும் என்பதால், இந்தத் தவறு பற்றிய அறிக்கையில் சிந்துவின் பெயரை மட்டும் எழுதச் சொல்கிறார் மேலதிகாரி. என்ன அநியாயம் இது!

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. அனுப்பும்போது முகவரியை நீயே கைப்பட எழுது, உன் எழுத்தையாவது பார்க்கிறேன். பணிக்கு நேரமாகிறது. இன்று அறிக்கையின் முதல் வரியில் என் பெயரை எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

ஜோதிலிங்கம்