ரொட்டியில் சர்க்கரை

மார்ச் 3, ஞாயிறு

தேவாலயம் முடிந்து, வழக்கம்போல் நெடுஞ்சாலை ஓரத்து உணவகம். அலபாமா முழுக்க இதற்குக் கிளைகள்; எல்லாவற்றிலும் ஒரே கூரை, வாசலில் ஒரே ஆடும் நாற்காலிகள். பொரித்த கோழி மொறுமொறுப்பு. வெண்டைக்காயில் எண்ணெய் சொட்டியது. என் பல்லுக்கும் கண்ணுக்கும் தெரிவது இவ்வளவுதான். தொண்டைக்குக் கதிர்வீச்சு கொடுத்ததிலிருந்து என் நாக்குக்குச் சுவை கிடையாது. பத்திரிகையில் நான் எழுதும் சுவையெல்லாம் என் மனைவி வெர்லீன் சொல்வது. ஊருக்குத் தெரியாது.

மக்காச்சோள ரொட்டி இனிக்கிறது என்று வாராவாரம் திருப்பி அனுப்புபவள், இன்று இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

"எங்கம்மா சுட்டது மாதிரியே இருக்கு."

அவள் அம்மாவா! "சர்க்கரை போட்டா அது கேக். வடக்கத்தியான் தின்னட்டும்" என்று சொல்லும் அசல் அமெரிக்கத் தெற்கத்திக்காரி. அப்படியானால் செய்முறையை மாற்றிவிட்டார்கள். எழுதலாம்.

மார்ச் 6, புதன்

பத்திரிகையில் என் உணவுப் பத்தி வந்தது. 'ஒருவழியாகச் சர்க்கரையை நிறுத்தினார்கள்.'

மார்ச் 7, வியாழன்

தொலைபேசி ஓயவில்லை. தேவாலயத்து ஹோய்ட்: "ஏம்ப்பா, உன் நாக்கை அவங்களுக்கு வித்துட்டியா? அந்த ரொட்டி இனிப்புக்கு, மெழுகுவத்தி வச்சா பொறந்தநாளே கொண்டாடலாம்!"

சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. உணவகத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி எழுதினேன்?

மார்ச் 8, வெள்ளி

தனியாகப் போனேன். எங்களுக்கு எப்போதும் பரிமாறும் டோரதியா சொன்னாள்: "ஒண்ணும் மாத்தலையே சார். மாவு மூட்டையிலயே சர்க்கரை கலந்துதான் வருது, எப்பவும். மிஸ் வெர்லீன்தான் இந்தத் தடவை திருப்பி அனுப்பல. மனசு மாறிட்டாங்கன்னு நெனச்சேன்."

பிறகு மெதுவாக: "போன வாரம் என்னை லூயிஸ்னு கூப்பிட்டாங்க. யாரு சார் அது?"

வெர்லீனின் தங்கை. செத்துப்போய் எத்தனையோ வருஷம். நான் பக்கத்திலேயே தானே உட்கார்ந்திருந்தேன்? காதில் விழவில்லையா, விழவேண்டாம் என்று இருந்தேனா?

மார்ச் 10, ஞாயிறு

உணவகத்து மேசைமேல் வைத்திருக்கும் குச்சி விளையாட்டு: பலகைத் துளைகளில் செருகிய குச்சிகளை ஒன்றை ஒன்று தாண்டவைத்து எடுக்கவேண்டும். வெர்லீன் எப்போதும் பலகையில் ஒரே குச்சி மிஞ்சும்படி முடித்துவிட்டு என்னைக் கேலி செய்வாள். இன்று ஒரு குச்சியைக் கையில் பிடித்தபடி இருந்தாள். தட்டில் சாப்பாடு ஆறிப்போனது.

"என்ன வெர்லீன்?"

"யோசிக்கிறேன். அவசரப்படுத்தாதே, கிழவா."

கேலி அதே கேலிதான். குச்சிதான் நகரவில்லை.

மார்ச் 13, புதன்

திருத்தம் வெளியிட்டோம்: ரொட்டியில் சர்க்கரை உண்டு.

"யாரு சாப்பிட்டுப் பாத்துச் சொன்னது?" என்று ஆசிரியர் கேட்டார்.

"நான்தான். தப்பு என்னோடது" என்றேன்.

மார்ச் 19, செவ்வாய்

வெர்லீனின் மறதிக்காகப் போனோம். டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொன்னார். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

உணவகத்துக்குப் போகவில்லை. கூட்டம் அவளைப் பயமுறுத்துகிறது. பத்தியையும் நிறுத்திவிட்டேன். ரொட்டி சுட, அவள் அம்மாவின் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.

"அந்தக் கடையில போடுற மாதிரி போடு" என்றாள்.

மாவில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன். அந்தச் சட்டி கண்டிராத சர்க்கரை.

ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "எங்கம்மா சுட்டது மாதிரியே இருக்கு."

ஆமாம் என்றேன்.