சரிதாவின் சீட்டும் என் வயிற்றெரிச்சலும்

ஆகஸ்ட் 29

சரிதாவுக்குப் பல் மருத்துவம் கிடைத்துவிட்டது. அவள் அப்பா, என் மாமா ராஜரத்தினம், எஸ்டேட் லயத்தில் வரிசை வீடுகள் முழுக்க ஜிலேபி கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. "குமாரி, நீயும் அடுத்த வருசம் வாங்கிருவ" என்றார். இரண்டையும் தின்றேன். ஜிலேபிமேல் எனக்கு என்ன கோபம்?

நீட் தேர்வில் அவளைவிட எனக்குத்தான் மார்க் அதிகம். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் ஒரே அரசுப் பள்ளியில் படித்தோம். அவள் தமிழ் மீடியம், நான் இங்கிலீஷ் மீடியம், அவ்வளவுதான். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அவளுக்குச் சீட்டு வாங்கிக்கொடுத்த அந்த ஏழரை சதவீத ஒதுக்கீடு. நான் பத்தாவதுவரை குன்னூரில் டை கட்டிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போனேன். பிள்ளை நன்றாக வரட்டும் என்று அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தார். அந்த டைதான் இப்போது கழுத்தை இறுக்குகிறது.

ஆகஸ்ட் 31

மாமா வீட்டில் புதுப் பெட்டி. நீல நிறம், சக்கரம் வைத்தது. இதை ஏன் எழுதுகிறேன்?

செப்டம்பர் 9

மறுபடியும் நீட் எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்போதுதான் கொழுந்து எடுத்துவிட்டு வந்திருந்தது. "எழுது. சும்மா உக்காந்து அவ போட்டோவ பாக்கறதுக்கு அது எவ்வளவோ மேலு."

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

உயிரியலைப் புத்தகத்தில் வரி விடாமல் படித்தால் போதும். வேதியியலும் பரவாயில்லை. என்னைக் கவிழ்த்தது இயற்பியல்தான். ஞாயிறுதோறும் போனில் மாதிரித் தேர்வு எழுதுவது, தப்பானதை அன்றைக்கே மறுபடி போட்டுப் பார்ப்பது — இதுதான் திட்டம். டவர் கிடைப்பது பஸ் ஸ்டாப் வளைவில் மட்டும். அங்கே போனால் சரிதாவின் ஸ்டேட்டஸும் சேர்ந்து வருகிறது. வெள்ளைக் கோட். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

அக்டோபர் 20

இயற்பியல் மாதிரித் தேர்வில் ஐசோதெர்மல் என்று கேட்டால் அடியாபாட்டிக் சூத்திரத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். மறுபடியும்! சூத்திரமெல்லாம் மனப்பாடம். எது எதற்கு என்பதுதான் நிற்கவில்லை.

நவம்பர் 12

மழை. மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. பக்கத்தில் குந்தா அணையில் தண்ணீரை விட்டுக் கரண்ட் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள், நமக்கு இருட்டு. அவள் ஹாஸ்டலில் ஃபேன் ஓடும் — பார், அங்கேதான் போய் நிற்கிறது புத்தி.

ஜனவரி 15

பொங்கலுக்கு வந்திருக்கிறாள். மெழுகில் செதுக்கிய கடைவாய்ப்பல் ஒன்றைக் கொண்டுவந்தாள். முதல் வருடம் இப்படிச் செதுக்கித்தான் பழகுவார்களாம். வீடு முழுக்க அந்தப் பல் கைமாறியது. "அசல் பல்லாட்டமே இருக்கே" என்று அப்பாவே சொன்னார். அப்பாவும்!

என் கைக்கு வந்தபோது கட்டைவிரல் நகத்தை அதன் மேட்டில் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. தெரியாமல் பட்டுவிட்டது என்று இங்கேகூட எழுத முடியாது, வேண்டுமென்றுதான் செய்தேன். சரிதா பார்த்துவிட்டாள். வாங்கிப் பைக்குள் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

ஜனவரி 16

காலையில் தடிப் புத்தகத்தோடு வந்தாள். நேற்றைய பல்லுக்குச் சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"குமாரி, எனக்கு அங்க ஒண்ணுமே வெளங்கல. கிளாஸ் பூரா இங்கிலீஷ். ரெண்டு டெஸ்ட்டும் போச்சு. எங்கூட்ல சொல்லிராத." அழுதுவிட்டாள்.

முதலில் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. அப்புறம்தான் அவள் மூஞ்சியைப் பார்த்தேன்.

உடற்கூறியல் பாடம் ஒன்றை எடுத்து ஒவ்வொரு வாக்கியமாக உடைத்துச் சொன்னேன். நீளமான இங்கிலீஷ் வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே இருக்கிறது என்று தேடவே அவளுக்குத் தெரியவில்லை. சொன்னதும் பிடித்துக்கொண்டாள். நடுவில் என் மாதிரித் தேர்வைப் புரட்டினாள்.

"இதயா தப்பு பண்ணுன? பேர்லயே இருக்கே!"

"எந்தப் பேர்ல?"

"தமிழ்ப் பேர்ல. ஐசோதெர்மல்னா வெப்பநிலை மாறா நிகழ்வு. அடியாபாட்டிக்னா வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. ஒண்ணுல வெப்பநிலை மாறாது. இன்னொண்ணுல வெப்பம் உள்ளயும் வராது, வெளியயும் போகாது. இதப் போயி யாராச்சும் மாத்திப் போடுவாங்களா?"

போடுவார்கள். டை கட்டிப் படித்தவர்கள் போடுவார்கள். இவளுக்கு மட்டும் கேள்விக்குள்ளேயே விடையை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

பிப்ரவரி 22

விண்ணப்பம் போட்டாயிற்று. வினாத்தாள் மொழி தமிழ் என்று கொடுத்தேன். தமிழ் கேட்டால் கேள்வி இரண்டு மொழியிலும் வரும், ஆங்கிலம் கேட்டால் ஆங்கிலம் மட்டும். போன தடவை கௌரவம் பார்த்து ஆங்கிலம் போட்டேன்.

பின்னால் நின்று பார்த்த அப்பா, "இதுக்கா உன்னய அந்த ஸ்கூல்ல சேத்தேன்?" என்றார்.

"இல்லப்பா, சரிதாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறதுக்கு."

சிரிப்பார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 23

சனிக்கிழமை ஆனால் வளைவில் நின்றுகொண்டு போன். அவளுக்கு நான் இங்கிலீஷ், எனக்கு அவள் இயற்பியல். இந்த முறை டெஸ்ட்டில் தேறிவிட்டாளாம். நான் சொல்லிக்கொடுத்துத் தேறியிருக்கிறாள். அதற்கும் எரிகிறது. என்ன பிறவியோ நான்.

மே 4

ஊட்டியில் தேர்வு எழுதினேன். குழம்பின இடத்திலெல்லாம் தமிழைப் படித்துப் பார்த்துப் போட்டேன். இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன், பலிக்காமல் போய்விடும்.

ஜூன் 14

மார்க் நன்றாகவே ஏறியிருக்கிறது. சீட்டுக்குப் போதுமா என்பது கலந்தாய்வில்தான் தெரியும். முதலில் சரிதாவுக்குத்தான் போன் செய்தேன். அவள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. நான் அவளுக்குப் போன வருடம் இப்படிக் கத்தவில்லை.

செப்டம்பர் 26

பொதுக் கலந்தாய்வில் எனக்கும் பல் மருத்துவம் கிடைத்து, இன்றைக்குக் கல்லூரியில் முதல் நாள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் அவள் படிக்கிற அதே கல்லூரி.

சீனியர்களை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். வராந்தாவில் எங்களை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தபோது சரிதா வந்தாள். என்னைவிட நாலு மாதம் சின்னவள். "ஏய் சரிதா" என்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனியர், "பேர் சொல்லக் கூடாதும்மா, செகண்ட் இயர் அவங்க" என்றாள்.

வேறு வழியில்லை. "அக்கா" என்றேன். சரிதா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு மெதுவாக, "செதுக்கறதுக்கு மெழுகு எங்கடி வாங்கறது?" என்று கேட்டேன்.

"அக்கானு கேளு."

கேட்டேன். காது கேட்கவில்லை என்றாள். சத்தமாக மறுபடியும் கேட்டேன்.