சுவருக்கு அந்தப் பக்கத்துச் சோறு

மச்சி, நேற்று சாயங்காலம் உன் சுவரிலிருந்து குக்கர் விசில் கேட்டது.

குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் விசில் வந்தது, காதில் வாங்கவில்லை. இரண்டாவது வந்தது. மூணாவது வந்ததும் என் கை எழுந்துபோய்ச் சட்டியில் எண்ணெய் ஊற்றிக் கடுகைப் போட்டுவிட்டது. கருவேப்பிலை, பூண்டு, வெங்காயம், எல்லாம் அதது பாட்டுக்கு விழுந்தது. தாளித்துக் கொட்டி, கிண்ணத்தில் ஊற்றி, மேலே தட்டைப் போட்டு மூடி, செருப்பு மாட்டாமல் வெளியே வந்து உன் கதவை முழங்கையால் இடித்தேன். இரண்டு கையிலும் குழம்புக் கிண்ணம் இருந்தால் வேறு எதனால் இடிப்பது?

கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண். இன்னும் கடைப் புடவையைக்கூட மாற்றவில்லை.

"சோறு ஆயிடுச்சா?" என்றேன். வாயும் கையைப் போலவே பழகிப்போயிருக்கிறது.

"ஆச்சு தாத்தா. நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள் அவள். பக்கத்து வீட்டுக் கிழவன் மரியாதைக்கு விசாரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். உன் கட்டில் இருந்த இடத்தில் பீரோ நிற்கிறது. உன் சட்டை தொங்கும் ஆணியில் அவள் புருஷனுடைய ஹெல்மெட். அப்போதுதான் எனக்குச் சுரணை வந்தது. "ஆச்சும்மா, ஆச்சு" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தோடு திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் அறைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற அந்தப் பெண்தான். தி.நகரில் துணிக்கடையில் வேலை செய்கிறாள், இன்றைக்கு அவளுக்கு லீவு. காலையில் அவளாகவே வந்து, "நேத்து கிண்ணத்தோட வந்துட்டு ஏன் தாத்தா திரும்பிப் போய்ட்டீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "அவருக்கு எதாவது சொல்லணும்னா சொல்லுங்க, எழுதித் தரேன்" என்றாள். அதனால் சொல்கிறேன்.

நாம் ஏன் இப்படிச் சாப்பிட ஆரம்பித்தோம் என்று அவள் கேட்டாள். யோசித்துப் பார்த்தால் நாம் திட்டம் போட்டு எதையும் ஆரம்பிக்கவில்லை. முதலில் உன் வீட்டுக்காரி போனாள், அதற்கு அடுத்த மழைக்கு என்னுடையவள் போனாள். ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு அடுப்பு. நீ அடையாறில் மரத்தடியில் நாளெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு வருவாய், நான் ராயப்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் மூணு சக்கர மீன்பாடி வண்டியில் சாமான் ஏற்றி மிதித்துவிட்டு வருவேன். வந்து யார் சமைப்பது? ஒரு நாள் சாயங்காலம் சுவரைத் தட்டிக் கத்தினாய்.

"டேய் மச்சி, இன்னாடா தாளிக்கிற? வாசனை ஆள தூக்குது. இங்க நான் வெறும் சோத்துல மோர ஊத்திகினு குந்திகினு கீறேன்!"

"கொயம்பு கீது. சோறுதான் அடி புட்சிடுச்சி, வாயில வெக்க முடியல."

"சோறு என்னாண்ட கீது. கொயம்ப எட்த்துகினு வா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து சோறு உன் பக்கம், குழம்பு என் பக்கம். அதற்கப்புறம் நான் அரிசியைத் தொட்டதில்லை. நீ புளியைத் தொட்டதில்லை.

உனக்கு அடுப்பு முன்னால் நிற்கப் பிடிக்காது. "பகல் முச்சூடும் கரிப்பொட்டி சூட்டுல வெந்துட்டு வரேன். ராவுலயும் நெருப்பாண்ட நிக்கணுமா?" என்பாய். அதனால் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் அடக்கிவிடுவாய். அடியில் அரிசி. அதன் மேல் சின்னக் கிண்ணத்தில் பருப்பும் ஒரு தக்காளியும். ஓரத்தில் இடம் இருந்தால் கழுவிய முட்டை இரண்டு, இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு. மூடியைப் போட்டுவிட்டுப் போய்க் கட்டிலில் காலை நீட்டிக்கொள்வாய். மூணாவது விசிலுக்கு எழுந்து அணைப்பாய். ஆவி அடங்குவதற்குள் நான் தாளித்து முடித்துவிட வேண்டும், அதுதான் நமக்குள் கணக்கு. எனக்குக் கடிகாரம் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

என் பக்கத்துச் சுலபத்தையும் இந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வெங்காயமும் தக்காளியும் பூண்டும் நிறைய அரிந்து, நல்லெண்ணெயில் போட்டு, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்த்து, எண்ணெய் தனியாகப் பிரிகிற வரை வதக்கி, ஆறவைத்து, ஈரமில்லாத பாட்டிலில் அடைத்துவிடுவேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு சொம்பில் புளியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்தால் புளி கரைவதற்குத் தயாராக இருக்கும். ஒரு கரண்டி தொக்கு, புளித்தண்ணீர், உப்பு, ஒரு கொதி. ஒரு நாள் அதில் கத்திரிக்காய், ஒரு நாள் வெந்நீரில் அலசின நெத்திலிக் கருவாடு, ஒன்றும் இல்லாத நாளில் கொதிக்கிற குழம்பிலேயே முட்டையை உடைத்து ஊற்றிக் கிண்டாமல் மூடி வைத்துவிட்டால் போதும். நீ விரலை நக்கிக்கொண்டே, "ஒறப்பு பத்தல" என்பாய். காரத்தைக் கூட்டினால் மறுநாள், "வவுறு எரியுது, கொல்லப் பாக்கறியா?" என்பாய். ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று நீ சொன்னதில்லை. மிச்சமும் வைத்ததில்லை.

அந்த மாவுப் பாக்கெட் சண்டையைச் சொன்னபோது இவள் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம். எனக்கு முட்டி வலி. கடையில் தோசை மாவு ஒரு பாக்கெட் வாங்கிவந்து, தொக்கைத் தொட்டுக்கொண்டு தின்றுவிடலாம், இன்றைக்கு ஒருவரும் சமைக்க வேண்டாம் என்றேன். நீ பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாய், செத்த எலியைப் பார்க்கிற மாதிரி.

"த்தூ, சோம்பேறி மாவு. ஊருல எவன் கை வெச்சி கரைச்சானோ."

"நீ மட்டும் இன்னா? முட்டையையும் சோத்தையும் ஒரே குக்கர்ல வெச்சி அமுக்கிட்டு மல்லாந்து பட்த்துக்கிற. அது இன்னா தவமா?"

அதுக்குப் போய் உனக்குக் கோபம். பேச்சு நின்றுபோயிற்று. ஆனால் சாயங்காலம் விசில் வந்தது. என் கை தாளித்தது. குழம்பைக் கொண்டுவந்து உன் வாசலில் வைத்தேன், மூடிய தட்டில் என் பங்குச் சோறு ஏற்கெனவே அங்கே இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், சுவரில் முதுகைச் சாய்த்துத் தனித்தனியாகத் தின்றோம். அப்புறம் ஒரு நாள் கதவைத் திறந்து வெளியே வந்தாய், என்னைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னாய்:

"நான் இவனாண்ட பேசல. கொயம்பாண்டதான் சொல்றேன். உன்னாண்ட உப்பு இல்ல, கேட்டியா?"

நான் சிரித்துவிட்டேன். நீயும்தான்.

நீ போன நாளைப் பற்றி இவளிடம் அதிகம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்ல வேண்டியதில்லை, நீ அங்கேதானே இருந்தாய். மரத்துக்குப் பக்கத்தில் இளநீர் விற்கிற அம்மா ஆள் அனுப்பினாள். நான் ஆட்டோ பிடித்து வந்தபோது நீ வேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பலகையின் மேல் ஒரு சட்டை, ஒரு கை மட்டும் தேய்த்திருந்தது. உன் நெற்றியைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. இஸ்திரிப் பெட்டிக்குள் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அதை யாராவது அணையுங்கள் என்று நான் கத்தினதாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவில்லாதது அது ஒன்றுதான்.

காரியமெல்லாம் உன் அண்ணன் மகன் செய்தான், குறையில்லாமல் செய்தான். சுடுகாட்டிலிருந்து வந்து, குளித்துவிட்டு, என் அறைக்குள் போனேன். காலையில் நம் இரண்டு பேருக்கும் ஊறப்போட்டிருந்த புளி சொம்பில் அப்படியே கிடந்தது. கரைத்துக் கொட்டவும் மனம் வரவில்லை, குழம்பு வைக்கவும் மனம் வரவில்லை. நுரைத்துப் புளித்துப் பூத்துப்போகும் வரை அந்தச் சொம்பை நான் தொடவில்லை.

அப்புறம் பழக்கம் என்னை விடவில்லை. சாயங்காலம் ஆனால் குழம்பு வைத்துவிடுவேன். சோறு வராது. பன்னைத் தொட்டுத் தின்று பார்த்தேன். சில நாள் மெஸ்ஸில் சோறு வாங்கினேன், அது வேறு யாருடைய சாப்பாட்டையோ பிடுங்கித் தின்கிற மாதிரி இருந்தது. பல நாள் குழம்பை இரண்டு கரண்டி குடித்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது தெரியும். தெரிந்தால் போதுமா?

ஒரு நாள் காலையில் தண்ணீர்ப் பம்பு பக்கத்தில் விழுந்துவிட்டேன். கண் விழித்தால் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி, பக்கத்தில் என் பெண். ஆதம்பாக்கத்திலிருந்து போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள்.

"ராத்திரி இன்னா துன்ன, நைனா?"

"கொயம்பு."

"கொயம்புன்னா? சோறு?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"மாமா போனாரு, செரி. அதுக்காக நீயும் பின்னாலயே போறதுன்னு முடிவு பண்ணிட்டியா? பாரு நைனா, இதான் கடைசி. இன்னொரு தரம் இப்டி ஆச்சுன்னா அந்த ரூமக் காலி பண்ணிட்டு என்னாண்ட வந்துடணும். வர ஞாத்திக்கெயம வருவேன். நீ சோறாக்கித் துன்னுறத என் கண்ணால பாக்கணும். இல்லன்னா அன்னிக்கே கூட்டிகினு பூடுவேன்."

அவள் பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனால் உனக்குத் தெரியும், அவள் வீடு நல்ல வீடு, மாப்பிள்ளை நல்ல பையன், எனக்கு அங்கே உட்கார நாற்காலிகூட இருக்கிறது. இந்தச் சுவர்தான் இல்லை. இந்த அறையை விட்டுப் போனால் உன்னைப் பற்றி என்னிடம் பேச ஒரு செங்கல்கூட இருக்காது.

கரண்ட் குக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அரிசி, தண்ணீர், ஒரு பட்டன். வெந்ததும் விளக்கு நிறம் மாறும், தானே நின்றுவிடும். "கொயந்தகூட பண்ணும் நைனா" என்றாள். உண்மைதான். அதைப் பெட்டியைப் பிரிக்காமல் மூலையில் வைத்திருந்தேன். பட்டனை அமுக்கத் தெரியாமல் இல்லை. அரிசியைக் கழுவினால் நீ இல்லை என்று என் கையே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். குழம்பு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறவரை சோறு இன்னும் வரவேண்டியிருக்கிறது என்று இருக்கலாம். கிழவனுக்கு அப்படி ஒரு புத்தி.

நேற்று உன் வாசலிலிருந்து திரும்பி வந்து அந்தக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். குழம்பு ஆவி பறந்தபடி இருந்தது. ஞாயிறு வர இரண்டே நாள்தான் இருந்தது. உள்ளே உன் வீட்டில் இரண்டு பேரும் தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது, அவள் ஏதோ சொல்ல அவன் சிரித்தான். நல்லது, அந்தச் சுவருக்குப் பின்னால் பசி ஆறுகிறது. நான் பெட்டியைப் பிரித்தேன்.

எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியவில்லை, மச்சி. இத்தனை வருஷம் நீ போட்டதில் பாதியைத்தான் தின்றிருக்கிறேன், நீ அள்ளிப் போட்டதை ஒரு நாளும் பார்த்ததில்லை. தோராயமாக ஒரு டம்ளர் போட்டேன். கழுவின தண்ணீர் பால் மாதிரி ஓடியது. பட்டனை அமுக்கிவிட்டு, எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அது சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் மூடியின் ஓரத்தில் ஆவி வந்தது, சோறு வேகிற வாசனை வந்தது. என் வீட்டில் அந்த வாசனை வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. அது எப்போதும் உன் வீட்டு வாசனை.

கொஞ்சம் குழைந்துவிட்டது. தட்டில் போட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்தேன். முதல் வாய் இறங்கவில்லை. இரண்டாவது வாய் இறங்கிற்று. அப்புறம் கை தானாகவே போய் வந்தது. தட்டில் போட்டதை முழுக்கத் தின்றுவிட்டேன். மாத்திரையும் போட்டுக்கொண்டேன். என் பெண் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள், இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அவளிடம் சொல்ல முடியாததை உன்னிடம்தான் சொல்ல முடியும். இதை எழுதுகிற பெண்ணும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், பரவாயில்லை, கேட்கட்டும். அந்தச் சோறு நன்றாக இருந்தது மச்சி. நீ இல்லாமல் ஆக்கின சோறு தொண்டையில் நிற்கும், வயிற்றுக்குள் போகாது என்றுதான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். போயிற்று. வயிறு நிறைந்துவிட்டது. தட்டைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்குத் துரோகம் செய்த மாதிரி இருந்தது, இந்த வயிறு நிறைந்தது.

இன்றைக்கும் பசிக்கிறது. ஆக்கித் தின்னத்தான் போகிறேன்.