நூற்றுப் பத்து மூடிகள்

மார்ச் 4
குளித்து நாலு நாள் ஆகிறது. தலையணை உறையில் எண்ணெய்க் கறை தட்டு அகலத்துக்குப் படர்ந்திருக்கிறது. பார்த்தாலே குமட்டுகிறது. இதில்தான் மறுபடியும் முகம் புதைக்கப் போகிறேன். சீ!

மார்ச் 7
பால் ஆலையில் எனக்கு ஒரே வேலை. கேன் வந்ததும் மூடியைத் திறந்து முகர வேண்டும். புளித்த வாடை அடித்தால் கேனை ஒதுக்க வேண்டும். பதினொரு வருடமாக என் மூக்கை நம்பித்தான் பாலைத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். இன்று நூற்றுப் பத்து மூடி. ஒரு வாசனையும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் 'சரி' சொன்னேன். சளியாக இருக்கும்.

மார்ச் 8
சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மார்ச் 12
தொட்டிப் பால் மொத்தமும் திரிந்துவிட்டது. மேற்பார்வையாளர் ஒரு மூடியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுகூடவா தெரியல?" லாரி டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு வெறும் தகரம். அழுகை வரவில்லை. என் மேலேயே அருவருப்பு வந்தது, அவ்வளவுதான். ஏன் இப்படி ஆயிட்டேன்? எப்போலேருந்து?

மார்ச் 13
அக்கா வந்தாள். சமையலறையைப் பார்த்ததும் ஜன்னலைத் திறந்தாள்.
"சோம்பேறின்னு திட்டேன்," என்றேன்.
"திட்டினா எழுந்துடுவியா? சரியாத் தூங்கி எத்தனை நாளாச்சு?"
ஜனவரியிலிருந்து தூக்கமில்லை. சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது.

மார்ச் 15
"மூக்குல கோளாறு இல்லம்மா. மனச்சோர்வு. சிலருக்கு இதுல வாசனை மங்கிடும். இது நோய், சோம்பல் இல்ல," என்றார் டாக்டர். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகுமாம். தினமும் நடக்க வேண்டுமாம். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போவதே எனக்குப் பாதயாத்திரை!

மார்ச் 16
வாசனை தெரியாமலே 'சரி' சொன்னதை மேற்பார்வையாளரிடம் ஒப்புக்கொண்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். முறைத்தார். "முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மூக்கு வர்ற வரைக்கும் மூடி கழுவு."

ஏப்ரல் 2
தலைக்குக் குளித்தேன்.

ஏப்ரல் 9
நடந்தேன். தெருமுனை வரை. எரிச்சல்தான் மிச்சம்.

ஏப்ரல் 21
விழித்ததும் மூக்கைப் பொத்தினேன். என்ன நாற்றம் இது! ஜன்னலுக்கு ஓடினேன். திரும்பி வந்து தலையணையை இன்னொரு முறை முகர்ந்தேன். உவ்வே! அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.
"என்னடி, ஏன் அழற?"
"தலையணை நாறுதுக்கா."
 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.
உறையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.