காளான் அறையின் காற்றுக்குழாய்

நாள் 211, காலை 6.10
செவ்வாய்க் கோள், பன்னிரண்டாம் குகை நிலையம். எழுதுவது தோட்டக்காரி சீனித்தாய், படித்தது ஐந்தாம் வகுப்பு. மிளகாய்ச் செடி நாற்பது, சிப்பிக் காளான் பை அறுபது. இங்கே தேனீ ஏது? பல் துலக்கும் பிரஷ்ஷால் பூக்களைத் தட்டிக் காய் பிடிக்க வைத்தேன். காளான் விடும் கெட்ட காற்றை ஒரு விசிறி குழாய் வழியே மிளகாய் அறைக்குத் தள்ளுகிறது. செடிக்கு அது தீனி. என்னோடு இருப்பவர் பொறியாளர் இருதயராஜ் மட்டும். இன்றும் காளான் குழம்பா என்று முகத்தைத் தூக்கினார். நாளைக்கு விரால் மீன் என்றேன்.

நாள் 212, காலை 9.40
நிலம் குலுங்கியது. பிராணவாயு இயந்திரம் நொறுங்கிவிட்டது. மீட்பு ஓடம் வர இருபது நாள். உருளைகளில் உள்ள காற்று ஒருவருக்கு இருபது நாள், இருவருக்குப் பத்து. இருதயராஜ் இரண்டு தடவை கணக்குப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

நாள் 212, பகல் 1.15
காளானுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது பின்மண்டையில் ஸ்பானரால் அடித்தார். விழுந்தேன். வெளியே போய்க் கதவைப் பூட்டி, உள்ளே வரும் காற்றையும் அடைத்துவிட்டார். காதில் ரத்தம். ஒலிபெருக்கியில் அவர் குரல்.
"அக்கா, மன்னிச்சிருங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க."
"எனக்கு நூறு தம்பி. வேணும்னா எண்ணிப் பாருங்க."
ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்.

நாள் 212, மாலை 4.30
காளானும் நம்மைப் போல நல்ல காற்றைத் தின்னும். அறுபது பேரோடு என்னைப் பூட்டியிருக்கிறார். காளான் வளர்க்க வைக்கோல் அவிக்கும் அண்டாவை மின்னடுப்பில் ஏற்றி, பைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொன்றேன். நான் வளர்த்தவைதான்.

நாள் 213, காலை 7.05
தலை சுற்றுகிறது. எழுத்து கோணுகிறது. அவர் மிளகாய் அறையில்தான் இருப்பார், நல்ல காற்று அங்கேதான். இங்கிருந்து அங்கே காற்றைத் தள்ளும் விசிறியை நிறுத்த மறந்துவிட்டார். காய்ந்த மிளகாய் மூட்டை இங்கே கிடக்கிறது. சூடான அடுப்பில் கொட்டினேன். என் வாயில் ஈரத்துணி. நெடி முழுக்க அவருக்கு.
"அக்கா... நிறுத்துங்க... கண்ணு தெரியல..."
"கதவத் தொறந்துட்டு வாங்க தம்பி. குழம்பு ஆறுது."

காலை 7.20
வந்தார். கண் தெரியாமலே ஸ்பானரை வீசினார். என் இடது கை முறிந்தது. வலது கையில் வைக்கோல் வெட்டும் அரிவாள். கழுத்தில் ஒன்று. போதவில்லை. மூன்று.

பகல் 11.00
வானொலி அறையில் பூமியின் செய்தி ஒன்று நேற்றிலிருந்து காத்துக் கிடக்கிறது.
"இருதயராஜ், நீங்க பத்து மணிக்கு அனுப்புன தகவல் கெடச்சுது. நிலநடுக்கத்துல சீனித்தாய் அக்கா இறந்ததுக்கு வருந்துறோம். அவங்க வீட்டுக்குச் சொல்லிட்டோம். காத்து ஒருத்தருக்குப் போதும். தைரியமா இருங்க."
நேற்று காலை பத்து மணிக்கு நான் அவருக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன்.
ஒலிவாங்கியை அழுத்தினேன்.
"ஒருத்தர் செத்தது நெசந்தாங்க. பேர மட்டும் மாத்தி எழுதிக்கங்க."